குறையில்லாத பத்துப் பேர்

2000ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், சிட்னி பாராலிம்பிக். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான கூடைப்பந்துப் போட்டியில் ஸ்பெயின் அணி சீனாவோடு மோதுகிறது. முதல் பாதியிலேயே ஸ்பெயின் முப்பது புள்ளிக்குப் பக்கமாக முன்னால் போய்விட்டது. பயிற்சியாளர் இடைவேளை கேட்டு வீரர்களைப் பக்கத்தில் அழைக்கிறார். இப்படி ஜெயித்துக்கொண்டிருக்கிற அணியைக் கூப்பிட்டு எந்தப் பயிற்சியாளரும் முதுகில் தட்டிக்கொடுப்பார். இவர் சொன்னது வேறு: வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்துவிடப் போகிறார்கள்.

இதை வெளியில் சொன்னவர் அந்த அணியிலேயே ஆடிய கார்லோஸ் ரிபகோர்தா. தொழிலால் பத்திரிகையாளர். இறுதி ஆட்டத்தில் ஸ்பெயின் ரஷ்யாவை 87-63 என்று வென்று தங்கம் வாங்கியது. அடுத்த மாதம் 'கபிதால்' என்ற ஸ்பானியப் பத்திரிகையில் ரிபகோர்தா எல்லாவற்றையும் எழுதிவிட்டு, தன் பதக்கத்தையும் திருப்பிக் கொடுத்தார். பன்னிரண்டு பேர் அணியில் பத்துப் பேருக்கு அறிவுசார் குறைபாடு எதுவும் கிடையாது. அந்தப் பத்தில் அவரும் ஒருவர். நீச்சல், மேசைப்பந்து, தடகளம் எல்லாம் சேர்த்தால் ஸ்பெயின் குழுவில் இப்படிக் குறைந்தது பதினைந்து பேர் இருந்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பதக்கம் வந்தால் மானியம் வரும், விளம்பரதாரர் வருவார். அதற்காகவே ஆள் பிடித்தார்கள் என்றார்.

ஊர் திரும்பியபோது நடந்ததும் சுவையானது. அணியின் படம் 'மார்க்கா' விளையாட்டு நாளிதழில் வந்துவிட்டது. பார்த்தவர்களில் சிலருக்குச் சந்தேகம்: இந்தப் பையன் நம் தெருக்காரன் ஆயிற்றே, இவனுக்கு என்ன குறை? மாட்ரிட் விமான நிலையத்தில் இறங்கும்போது தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளும்படி வீரர்களுக்கு உத்தரவு போனதாம். பாராலிம்பிக் தங்கத்தோடு திரும்புகிறவர்கள் முகத்தை மறைத்துக்கொண்டு வருவது அதற்கு முன் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

இன்றைய உரை பொய்யைக் கண்டுபிடிப்பது பற்றியது. அதனால் இந்தக் கதையில் முதலில் கேட்க வேண்டியது, பத்துப் பேரும் எப்படி ஏமாற்றினார்கள் என்பது. ஏமாற்றுவதற்கு அவர்கள் பெரிதாகச் சிரமப்படவே இல்லை. ஸ்பெயினின் அறிவுசார் குறைபாடு உள்ளோர் விளையாட்டுக் கூட்டமைப்பில் தன்னிடம் நடத்திய சோதனை என்னவென்று ரிபகோர்தா எழுதியிருக்கிறார். ஆறு தண்டால் எடுக்கச் சொன்னார்கள். இரத்த அழுத்தம் பார்த்தார்கள். அவ்வளவுதான். புத்திக்கூர்மையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. காவலாளியே கதவைத் திறந்துவிட்ட வீட்டில் பூட்டின் தரத்தைப் பற்றி ஆராய்ந்து என்ன பயன்? சான்றிதழ் கொடுக்கும் அதிகாரமும் பதக்கம் வாங்கும் ஆசையும் ஒரே அமைப்பின் கையில் இருந்தன. நாட்டுக் கூட்டமைப்பு அனுப்பிய தாளைச் சர்வதேச அமைப்பு அப்படியே நம்பியது.

சரி, உண்மையாகவே சோதித்திருந்தால்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

அறிவுசார் குறைபாடு என்று சொல்ல மூன்று விஷயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும். நுண்ணறிவு ஈவு, அதாவது ஐ.கியூ., சுமார் 70க்குக் கீழே. அளவீட்டுப் பிழைக்கு இடம் விட்டு 75 வரை. பாரா விளையாட்டில் 75தான் எல்லை. இரண்டாவது, பணம் எண்ணுவது, பேருந்து மாறிப் போவது, சமைப்பது, பிறரோடு பழகுவது போன்ற அன்றாட வாழ்க்கைத் திறனில் தெளிவான பின்தங்கல். மூன்றாவது, இவை வளரும் பருவத்திலேயே, பொதுவாக 18 வயதுக்கு முன்பே, தென்பட்டிருக்க வேண்டும். சில அமைப்புகள் இப்போது இந்த எல்லையை 22 என்று வைத்திருக்கின்றன.

இந்த மூன்றில் முதலாவதைப் பொய்யாகக் காட்டுவது மிகச் சுலபம். ஐ.கியூ. தேர்வில் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்ட முடியாது. தெரிந்ததைத் தெரியாததாகக் காட்ட யாராலும் முடியும். 'தெரியல சார்' என்று சொன்னால் போதும். ஆனால் ஒழுங்காகத் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும். நடிக்கிறவருக்கு எந்தக் கேள்வியில் எந்த அளவு தடுமாற வேண்டும் என்று தெரியாது. அதனால் மிகைப்படுத்துகிறார். லேசான குறைபாடு உள்ள ஒருவர் தன் வயதைச் சரியாகச் சொல்வார், வாரத்துக்கு எத்தனை நாள் என்பதற்குப் பதில் சொல்வார். நடிக்கிறவர் அதையும் தவறவிடுவார். பிறகு அலுத்துப்போய், அதைவிடக் கடினமான ஒரு கேள்விக்குச் சட்டென்று விடை சொல்லிவிடுவார். கேள்விகள் சுலபத்திலிருந்து கடினத்துக்குப் போகும்போது உண்மையான குறைபாடு ஓர் இடத்தில் நின்றுவிடும். பொய் அங்கங்கே ஓட்டை போடும்.

இதைப் பிடிப்பதற்கென்றே தேர்வுகள் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஆந்த்ரே ரே உருவாக்கிய ஒன்று, வரிசைக்கு மூன்றாக ஐந்து வரிசையில் பதினைந்து குறிகள். மூன்று எழுத்து, மூன்று எண், மூன்று வடிவம், இப்படி. பத்து விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். 'பதினைந்து இருக்கிறது, கஷ்டமான தேர்வு' என்று பயமுறுத்தித்தான் காட்டுவார்கள். உண்மையில் அது மிகச் சுலபம். ஏ, பி, சி, 1, 2, 3 என்று தொடர்ச்சி தெரிந்தால் பதினைந்தையும் நினைவில் வைக்கத் தேவையில்லை. கஷ்டம் என்று நம்பிய பொய்யர் நான்கோ ஐந்தோ மட்டும் எழுதி மாட்டிக்கொள்வார்.

இதைவிடச் சாமர்த்தியமானது, 1996இல் கனடாவின் டாம் டோம்பாவ் வெளியிட்ட நினைவுத் தேர்வு. சாதாரணப் பொருள்களின் ஐம்பது படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று கேட்பார்கள். ஒன்றுமே நினைவில்லாதவர் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தாலும் ஏறத்தாழ 25 சரியாக வரும். நாணயம் சுண்டுவது மாதிரி. இரண்டாம் சுற்றில் 45க்குக் கீழே போனாலே சந்தேகப்படுவார்கள். ஒருவர் ஐம்பதுக்கு 12 வாங்கினால் அது சந்தேகம் கூட இல்லை, வாக்குமூலம். 25க்கு இவ்வளவு கீழே போக வேண்டுமானால் சரியான விடை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டுதான் மற்றதைத் தொட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் இந்தத் தேர்வுகளில் பெரும்பாலானவை தலையில் அடிபட்டதாக இழப்பீடு கேட்பவர்கள், நினைவு போனதாகச் சொல்பவர்கள் போன்றோரை வைத்து உருவானவை. அறிவுசார் குறைபாடு உண்மையாகவே உள்ளவர்களிடம் கொண்டுபோனால் இவை தடுமாறுகின்றன. ரேயின் தேர்வில் 'இது வெறும் தொடர்ச்சிதானே' என்று பிடிபடுவதே ஒரு புத்திக்கூர்மை. அது இல்லாதவர் தோற்பார். பொய்யர் என்று பெயர் வாங்குவார். எண்களை முன்னும் பின்னும் திருப்பிச் சொல்லும் தேர்வும் அப்படித்தான். முன்னோக்கிச் சொன்ன நீளத்தையும் பின்னோக்கிச் சொன்ன நீளத்தையும் கூட்டி ஏழோ அதற்குக் கீழோ வந்தால் நடிப்பாக இருக்கலாம் என்பது ஒரு பழைய அளவுகோல். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு ஐந்தோ ஆறோ வருவதில் என்ன ஆச்சரியம்? இரண்டு படத்தில் ஒன்றைத் தொடச் சொல்லி, நாணயம் சுண்டும் கணக்குக்கும் கீழே போகிறாரா என்று பார்க்கும் முறை மட்டும்தான் இந்தப் பழியிலிருந்து பெருமளவு தப்புகிறது.

பொய்யரைப் பிடிக்க விரித்த வலையில் உண்மையானவரே முதலில் சிக்குகிறார் என்பதை அமெரிக்க நீதிமன்றங்கள் உயிர்ப் பிரச்சினையாகவே சந்தித்தன. அட்கின்ஸ் எதிர் வர்ஜீனியா வழக்கில் 2002 ஜூனில் உச்ச நீதிமன்றம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று 6-3 எனத் தீர்ப்பளித்தது. எதிர்த்து எழுதிய நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா, இந்தக் குறைபாட்டின் அடையாளங்களை எளிதில் நடித்துவிடலாம், இனி ஒவ்வொரு கைதியும் இதைத்தான் சொல்வான் என்று அஞ்சினார்.

அந்த அச்சத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தூக்கு மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் 35 வயதில் முட்டாள் வேடம் போடலாம். ஆனால் எட்டு வயதில் பள்ளி எழுதிவைத்த குறிப்பில் போய் வேடம் போட முடியாது. மூன்றாவது நிபந்தனை இதற்காகவே இருப்பதுபோல் அமைந்துவிட்டது. வகுப்பில் எத்தனை முறை தங்கினார், சிறப்பு வகுப்பில் சேர்த்தார்களா, ஆசிரியர் என்ன எழுதினார், சேர்ந்த வேலையில் எத்தனை நாள் நின்றார், பக்கத்து வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்று வழக்குக்கு வெளியே, வழக்குக்கு முன்னால், யாரும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லாத காலத்தில் பதிவானவைதான் எடை உள்ளவை.

அட்கின்ஸுக்கே என்ன ஆயிற்று என்பது தனிக்கதை. 1998இல் அவர் ஐ.கியூ. 59. அவர் பெயரில் தீர்ப்பு வந்த பிறகு சோதித்தபோது 74, 76 என்று வந்தது. வழக்குரைஞர்களோடு ஆண்டுக்கணக்கில் பேசியதும் படித்ததும் எழுதியதும் அவர் மூளையைத் தீட்டியிருக்கலாம் என்று ஒரு நிபுணர் விளக்கினார். 2005இல் நடுவர் குழு அவருக்குக் குறைபாடு இல்லை என்று முடிவு செய்தது. பின்னர் 2008இல் அவர் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. ஆனால் அதற்குக் காரணம் ஐ.கியூ. அல்ல, அரசுத் தரப்பு சாட்சியம் பற்றிய உண்மையை மறைத்தது.

டெக்சாஸில் இன்னும் விசித்திரம். யார் உண்மையானவர் என்று தீர்மானிக்க 2004இல் அந்த மாநிலத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜான் ஸ்டைன்பெக்கின் நாவலில் வரும், குறைபாடு வெளிப்படையாகத் தெரிகிற லென்னி என்ற பாத்திரத்தைத் துணைக்கு அழைத்தது. லென்னி மாதிரி இருப்பவரைக் காப்பாற்ற டெக்சாஸ் மக்கள் ஒப்புக்கொள்வார்கள் என்கிற தோரணையில் ஏழு கேள்விகளை வகுத்தது. தன்னைக் காத்துக்கொள்ள அவரால் திறமையாகப் பொய் சொல்ல முடிகிறதா என்பதும் அவற்றில் ஒன்று. பொய் சொல்லத் தெரிந்தால் குறைபாடு இல்லையாம்! கற்பனைப் பாத்திரத்தை அளவுகோலாக வைத்து மனிதரை மரண தண்டனைக்கு அனுப்பும் இந்த வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2017இல், மூர் எதிர் டெக்சாஸ் வழக்கில், தள்ளிவிட்டது.

லேசான குறைபாடு உள்ளவர்கள் லென்னி மாதிரி இருப்பதில்லை என்பதோடு, அப்படித் தெரியாமல் இருக்கத்தான் படாத பாடு படுகிறார்கள். மானுடவியலாளர் ராபர்ட் எட்ஜர்டன், கலிபோர்னியாவில் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து வெளியே வந்து வாழ்ந்தவர்களைப் பின்தொடர்ந்து 1967இல் ஒரு நூல் எழுதினார். அதில் வரும் ஒரு காட்சி, இந்தத் துறையில் எத்தனையோ அட்டவணைகளைவிடக் கூடுதலாகக் கற்றுத்தருகிறது. மணி பார்க்கத் தெரியாத ஒருவர் கையில் கடிகாரம் கட்டிக்கொள்கிறார். நேரம் தெரிய வேண்டுமென்றால் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அருகில் இருப்பவரிடம் 'ஒன்பது ஆயிற்றா?' என்று கேட்கிறார். 'மணி என்ன?' என்று கேட்டால் 'எட்டே முக்கால்' என்று வரும். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? 'ஒன்பது ஆயிற்றா' என்றால் 'ஆயிற்று', 'இன்னும் ஆகவில்லை', இரண்டில் ஒன்றுதான் பதில். கையில் கடிகாரம் இருப்பதால் கேட்பவர் மேல் யாருக்கும் சந்தேகமும் வராது.

நடிக்கிறவருக்கும் உண்மையானவருக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கடிகாரத்தில் இருக்கிறது. நடிக்கிறவர் குறையை வெளியே காட்டுகிறார். அதுவும் பார்வையாளர் இருக்கும்போது மட்டும். உண்மையானவர் அதை மறைக்கிறார், பார்வையாளர் இருக்கும்போது இன்னும் அதிகமாக மறைக்கிறார். புரியாவிட்டாலும் தலையாட்டுவார், படிக்கத் தெரியாவிட்டாலும் 'கண்ணாடி வீட்டில் இருக்கிறது' என்பார். ஆகவே ஒரு மணி நேர நேர்காணலை மட்டும் நம்புகிற மதிப்பீட்டாளர் இருவரிடமும் ஏமாறுவார்.

வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஒரு மோசடி இதற்குப் பாடப்புத்தக உதாரணம். ஒரு தாய் தன் இரண்டு பிள்ளைகளுக்கும் சிறு வயதிலிருந்தே மனவளர்ச்சி குன்றியவர்களாக நடிக்கப் பயிற்சி கொடுத்தார். சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனால் மகன் கூனிக் குறுகி உட்காருவான், முகத்தைச் சுரண்டுவான், வாயைத் திறக்க மாட்டான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓடின. அரசிடமிருந்து வாங்கிய உதவித்தொகை 2,80,000 டாலரைத் தாண்டியது. அவர்களை எந்த உளவியல் தேர்வும் பிடிக்கவில்லை. வாகன விதி மீறலுக்கு வந்த ஒரு தண்டத்தை எதிர்த்து அதே மகன் நீதிமன்றத்தில் தானே எழுந்து நின்று சரளமாக வாதாடிய ஒளிப்பதிவு புலனாய்வாளர்கள் கையில் கிடைத்தது. 2007இல் தாய் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அலுவலகத்துக்கு ஒரு முகமும் தெருவுக்கு ஒரு முகமும் வைத்திருக்கிறவரைத் தெருவில்தான் பிடிக்க முடியும்.

சிட்னிக்குத் திரும்பினால், அந்த மோசடிக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளோர் விளையாட்டை நடத்திய சர்வதேச அமைப்பைப் பாராலிம்பிக் குழு 2001இல் இடைநீக்கம் செய்தது. அந்தப் பிரிவு மொத்தமும் போட்டியிலிருந்து போயிற்று. சிட்னியில் ஆறு தங்கம் வென்ற ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை ஷிவான் பேட்டன், திறமையின் உச்சத்தில் இருந்தவர். அவருக்கு அடுத்த பாராலிம்பிக்கே இல்லாமல் போனது. ஸ்பெயின் அணியில் உண்மையாகவே குறைபாடு இருந்த இருவரும், மற்ற பத்துப் பேரோடு சேர்த்துத் தங்கத்தை இழந்தார்கள். ஸ்பெயின் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் பெர்னாண்டோ மார்ட்டின் விசென்டேவை 2013இல் மாட்ரிட் நீதிமன்றம் குற்றவாளி என்றது. அபராதம் 5,400 யூரோ. அதோடு மானியமாக வாங்கிய 1,42,355 யூரோவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே குற்றம் சாட்டப்பட்டிருந்த 18 பேர் மீதான வழக்கு கைவிடப்பட்டது.

அறிவுசார் குறைபாட்டுப் பிரிவு திரும்பி வருவதற்கு 2012 லண்டன் வரை ஆயிற்று. அதுவும் தடகளம், நீச்சல், மேசைப்பந்து என்ற மூன்று விளையாட்டில் மட்டும். இடைப்பட்ட காலத்தில் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகம் முதலிய இடங்களில் ஆய்வாளர்கள் ஒரு புதிய கேள்வியை எடுத்துக்கொண்டார்கள்: ஐ.கியூ. குறைவாக இருப்பது ஓட்டத்தை எப்படிப் பாதிக்கிறது? காலில் குறை இல்லாதவர் ஏன் மெதுவாக ஓட வேண்டும்? விடை, வேகத்தைப் பங்கிடுவதில் இருந்தது. 1500 மீட்டர் ஓடுகிறவர் எங்கே சேமிக்க வேண்டும், எங்கே செலவழிக்க வேண்டும் என்று மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டே ஓடுகிறார். ஒரு குறிப்பிட்ட வேகத்தைப் பிசகாமல் காக்கும்படி சொன்னால் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு அது மற்றவர்களைவிடக் கடினமாகிறது. மேசைப்பந்தில் வெவ்வேறு சுழல் கொண்ட சர்வீஸ்களைப் போட்டு, ஒவ்வொன்றையும் சில தடவை திரும்பப் போட்டு, ஆடுகிறவர் எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொள்கிறார் என்று பார்க்கிறார்கள்.

இப்போது சர்வதேசப் பாரா போட்டிக்கு வருகிறவர் முதலில் ஐ.கியூ., வாழ்க்கைத் திறன், இளமைக்கால ஆதாரம் மூன்றையும் காட்ட வேண்டும். இதைச் சரிபார்ப்பது அவர் நாட்டுக் கூட்டமைப்பு மட்டுமல்ல. பிறகு கணினியில் நினைவு, எதிர்வினை வேகம், திட்டமிடல் பற்றிய சோதனைகள். அடுத்து அவருடைய விளையாட்டுக்கே உரிய சோதனை. கடைசியாக, உண்மையான போட்டியில் அவரைக் கவனிப்பது. சோதனை அறையில் தடுமாறியவர் களத்தில் கணக்கோடு ஆடினால் இரண்டும் ஒட்டாமல் தெரிந்துவிடும். சீனாவோடு ஆடிய ஆட்டத்தைப் பார்க்க அப்படி ஒரு கண் அன்று இருந்திருந்தால், பயிற்சியாளர் இடைவேளை கேட்பதற்குள் வேலை முடிந்திருக்கும்.

நம் நாட்டிலும் சான்றிதழுக்குப் பயன் கூடியிருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் ஒதுக்கிய நான்கு சதவீதத்தில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் முதலியவற்றுக்குச் சேர்த்து வருகிறது. பொய்யாகப் பலன் பெற்றால் 91ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே மதிப்பீட்டில் பெரிதும் புழங்குவது வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். அமெரிக்காவில் எட்கர் டால் உருவாக்கியதை மாலின் இந்தியாவுக்கு ஏற்ப மாற்றினார். உளவியலாளர் தாயை உட்கார வைத்து, பையன் எப்போது சட்டைப் பொத்தான் போட்டான், தனியாகக் கடைக்குப் போவானா, மீதிச் சில்லறை எண்ணி வாங்குவானா என்று கேட்பார். நல்ல கருவிதான். ஆனால் தகவல் முழுவதும் ஒரே வாயிலிருந்து வருகிறது. அந்த வாஷிங்டன் தாயை இந்த நாற்காலியில் உட்கார வைத்துப் பாருங்கள். ஆசிரியரையும் அக்கம்பக்கத்தாரையும் தனியாகக் கேட்பது, பழைய மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பது, இவற்றுக்கெல்லாம் வெளியே நூறு பேர் வரிசையில் நிற்கும் முகாமில் நேரம் ஏது? அவசரத்தில் பொய்யரும் தப்பிக்கிறார். கூச்சத்தால் 'எல்லாம் செய்வான் சார்' என்று தலையாட்டும் ஏழைத் தாயின் பிள்ளைக்குச் சான்றிதழும் கிடைக்காமல் போகிறது.

தெலங்கானாவின் வாரங்கல் பக்கம் கல்லெட என்ற கிராமத்திலிருந்து வந்த, அறிவுசார் குறைபாடு உள்ள ஓட்ட வீராங்கனை தீப்தி ஜீவன்ஜியின் கதை இங்கே பொருந்தும். பயிற்சியாளர் நாகபுரி ரமேஷ் அவரைப் பள்ளிப் போட்டி ஒன்றில் கண்டெடுத்தார். குழந்தையாக இருந்தபோது ஊரார் அவரைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்ததையும், பெற்றோரை இடித்துப் பேசியதையும் அந்தக் குடும்பமே பல முறை சொல்லியிருக்கிறது. மதிப்பீட்டாளர் தேடும் சாட்சியம், கசப்பாக இருந்தாலும், பெரும்பாலும் இப்படித்தான் கிடைக்கிறது. பிள்ளை இன்னும் எந்தச் சலுகையும் கேட்காத வயதில், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டிய அவசியமில்லாமல், ஊரே வாயால் பதிவு செய்து வைத்துவிடுகிறது. 2024இல் ஜப்பானின் கோபே நகரில் தீப்தி 400 மீட்டரை 55.07 விநாடியில் ஓடி அந்தப் பிரிவில் உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு பாரிஸில் 55.82 விநாடியில் வெண்கலம். பாராலிம்பிக்கில் அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.